வாக்களிக்காமல் விட்டதற்கு என்ன பொருள்?

ஒஸ்லோவில் தமிழர் கூடி அரசியல் பேசினால் 2005 ஐத் தொடாமல் எழும்புவது குறைவு. அந்த ஆண்டு நவம்பர் 17 இல் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில், யாழ்ப்பாண மாவட்டத்தின் ஏழு இலட்சம் வாக்காளரில் வாக்களித்தோர் 1.2 வீதம். மகிந்த ராஜபக்ச ரணிலை வென்றது ஏறத்தாழ 180,000 வாக்கு வித்தியாசத்தில். அப்போது சமாதான முயற்சிக்கு அனுசரணை செய்த நாடு நோர்வே. ஆகவே இங்கே அந்தக் கணக்கு இன்னும் சுடுகிறது.

‘வாக்களித்திருந்தால்?’ என்பதை இன்று விட்டுவிடுகிறேன். அந்த வெறுமை என்ன சொன்னது என்பதே என் கேள்வி. இருவரும் வேண்டாம் என்றா, பயமாக இருக்கிறது என்றா? தேர்தலில் தமிழருக்கு அக்கறை இல்லை என்றார்கள் புலிகள். அச்சுறுத்தல் இருந்தது என்றார்கள் ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள். விரும்பி நின்றவரையும் பயந்து நின்றவரையும் அந்த எண் பிரித்துக் காட்டாது.

1931 ஐப் பாருங்கள். டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது, சுயராச்சியம் தரவில்லை. ஹண்டி பேரின்பநாயகம் முதலானோரின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் காரணத்தை முன்கூட்டியே சொல்லித் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகின. தெற்கு பின்தொடரவில்லை, 1934 இல் இடைத்தேர்தல் வந்தது. பலன் குறைவுதான். ஆனாலும் அதன் பொருளில் எவருக்கும் மயக்கம் இல்லை.

வடக்கிருத்தலும் அப்படித்தான். பெற்ற பிள்ளைகளோடு பகை வந்தபோது கோப்பெருஞ்சோழன் போரை விட்டு, உண்ணாமல் அமர்ந்தான். எல்லோரும் பார்த்திருக்க நடந்தது. காரணம் ஊருக்குத் தெரியும். விலையைத் தானே கொடுத்தான். பிசிராந்தையார் வந்து கூட அமர்ந்ததும் யாரும் வற்புறுத்தி அல்ல. 2005 இல் இந்த மூன்றில் எத்தனை இருந்தன?

2024 இல் தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு 226,343 வாக்கு விழுந்தது. வெல்லும் கணக்கே அல்ல, ஆனால் எண்ணப்பட்டது. அதே தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி. எத்தனை பேர் கேட்டார்கள்? காய்ச்சலில் படுத்தவரும் வேலைக்குப் போனவரும் அதே கணக்குக்குள்தானே கிடக்கிறார்கள்!

இங்கே நோர்வேயில், மூன்று ஆண்டு தொடர்ந்து வசித்தால் குடியுரிமை இல்லாமலே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குண்டு. எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை என்று வீட்டில் இருப்போருக்கு ஒரு தகவல்: வாக்களிப்பு மறைப்புக்குள் கட்சிப் பெயரில்லாத வெற்றுச் சீட்டும் வைத்திருப்பார்கள். அதைத் தனியாக எண்ணி அறிவிக்கிறார்கள். இலங்கையில் வெற்றுச் சீட்டு, பிழையாகக் கீறிய சீட்டுகளோடு சேர்ந்து ‘நிராகரிக்கப்பட்டவை’ ஆகிவிடும்.