கம்பியா? அலையா?

பழைய மடிக்கணினி ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. நன்றாகவே இயங்குகிறது. ஆனால் இணையத்தில் சேர்க்கும் உறுப்பு மட்டும் பழுது. இதற்காகக் கணினியையே ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை, வெளியிலிருந்து செருகும் நெட்வொர்க் கார்டு ஒன்று போதும். அதில் இரு வகை உண்டு: கம்பி வழியே செய்தி அனுப்புவது ஒன்று, வைஃபை எனப்படும் கம்பியில்லா வகை மற்றொன்று. எதை வாங்குவது? இயற்பியலைக் கேட்போம்.

கம்பியின் பலம்

நெட்வொர்க் கேபிளைப் பிரித்துப் பார்த்தால், கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். காரணம் என்ன? அருகிலுள்ள மின்சாதனங்கள் எழுப்பும் இடையூறு, இரு கம்பிகளிலும் ஏறக்குறைய சமமான மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மறுமுனையில் இரண்டின் வேறுபாடு மட்டுமே அளக்கப்படுவதால் இடையூறு கழிந்துபோகிறது, செய்தி தங்குகிறது! மேலும், அனுப்புவதற்கு ஒரு ஜோடி, பெறுவதற்கு ஒரு ஜோடி என இருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 100 மீட்டர் தொலைவு வரை நொடிக்கு 100 மெகாபிட் தடையின்றிச் செல்லும்.

அலையின் இயல்பு

வைஃபை பயன்படுத்தும் அதிர்வெண்களில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் 12.5 செ.மீ. எனக் கிடைக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே அதிர்வெண்ணில்தான் இயங்குகிறது. அதன் கசிவு வைஃபைக்கு இடையூறு. சுவர்களும் அலையை வலுவிழக்கச் செய்கின்றன. அத்துடன், வகுப்பில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பதுபோல, ஒரே அலைவரிசையிலுள்ள கருவிகள் முறைவைத்தே பேச வேண்டும். ஆகவே, 54 மெகாபிட் என்று அச்சிட்ட பழைய கார்டில் நடைமுறையில் கிடைப்பது 20 மெகாபிட் அளவே.

வாசலைக் கவனியுங்கள்

700 மெகாபைட் கோப்பு என்பது 5,600 மெகாபிட். கம்பியில் இது சுமார் 1 நிமிடம். மேற்சொன்ன வைஃபையில் 5 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. ஆனால் கணினியில் இருப்பது 1.1 வகை யு.எஸ்.பி. வாசலானால், அதன் உச்ச வேகமே 12 மெகாபிட்தான். எந்தக் கார்டைச் செருகினாலும் 8 நிமிடம் ஆகும்! குறுகிய வாசலே வேகத்தை முடிவு செய்கிறது. 2.0 வகை வாசலில் உச்ச வேகம் 480 மெகாபிட். அங்கே இக்கவலை இல்லை.

பூட்டு முக்கியம்

அலை உங்கள் வீட்டுச் சுவரோடு நின்றுவிடாது. தெருவிலிருப்பவரும் அதைப் பெறலாம். எனவே வைஃபை செய்திகள் மறையீடு செய்து அனுப்பப்படுகின்றன. பழைய கார்டுகள் சிலவற்றில் டபிள்யூ.இ.பி. எனும் பூட்டு மட்டுமே உண்டு. அதை எளிதில் உடைக்கலாம் என்பது 2001ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையாவது இல்லாத கார்டு, இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எதை வாங்கலாம்?

கணினி மேசையிலேயே இருக்குமானால் கம்பியே மேல். அறைக்கு அறை எடுத்துச் செல்வீர்களானால் வைஃபை வாங்கலாம். எதுவானாலும், உங்கள் கணினியின் இயக்க மென்பொருளுடன் அது ஒத்துழைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை: கம்பிவழி முறையின் பெயர் ஈதர்நெட். 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் இதை உருவாக்கத் தூண்டுகோலாக இருந்தது, ஹவாய்த் தீவுகளில் 1971இல் இயங்கத் தொடங்கிய 'அலோஹா' எனும் வானொலி வலையமைப்பு. கம்பிக்கு வழிகாட்டியது அலையே!