மலாக்காக் கடலுயிர்களும் நம் பெயர்ச்சொற்களும்

அஞ்சோங் பத்துத் துறையிலிருந்து பூலாவ் பெசார் தீவுக்குப் படகேறும் நம் மாணவர், நீர்மேற் பறப்பவற்றையெல்லாம் ‘கடற்பறவை’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுவர். சொல் ஒன்றாயின் பார்வையும் ஒன்றாகிவிடுகிறது. இந்நிலைக்குக் காரணம் உண்டு. இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருட் பெரும்பாலோர் உழவு சார்ந்த ஊரினர். வயற்சொற்கள் அவர்களோடு வந்தன. பரதவர் வழங்கிய கடற்சொற்கள் பெரும்பாலும் நெய்தல் நிலத்திலேயே தங்கிவிட்டன.

தமிழில் அச்சொற்களுக்குக் குறைவில்லை. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில் ‘வெள்ளாங்குருகுப் பத்து’, ‘சிறுவெண்காக்கைப் பத்து’ என இரு பத்துகள் பறவைப் பெயராலேயே அமைந்துள்ளன. தமிழகக் கடற்கரையில் இன்றும் ‘ஆலா’ என்னும் சொல் வழங்குகிறது. கூரிய அலகும் ஒடுங்கிய சிறகும் உடையது ஆலா. பல ஆலாக்களுக்கு வால் பிளவுபட்டிருக்கும். மேலிருந்து நேரே பாய்ந்து மீன் பற்றும். கடற்காகமோ உடல் பருத்தது, சிறகு அகன்றது, நீரில் மிதந்து இளைப்பாறும். இவ்விரண்டையும் வேறுபடுத்த இச்சிறு குறிப்புகளே போதும்.

ஆமைகளின் பெயர்களை நோக்குவோம். மலாய்மொழி கடலாமையைப் ‘பெஞ்ஞு’ என்றும், நில நீர் ஆமைகளைக் ‘கூரா-கூரா’ என்றும், மெல்லோட்டு ஆமையை ‘லாபி-லாபி’ என்றும் தனித்தனிச் சொற்களால் பிரிக்கும். தமிழ் ‘ஆமை’ என்னும் பொதுச்சொல்லோடு அடைசேர்த்துப் பேராமை, அழுங்காமை எனப் பிரிக்கும். இவற்றுள் அழுங்காமையே மலாக்காவுக்கு உரிய செல்வம். தீபகற்ப மலேசியாவில் அது மிகுதியாக முட்டையிடும் கரைகள் இங்குள்ளன. அழுங்கு (வழக்கில் அலுங்கு) என்பது செதில் போர்த்த எறும்புதின்னியின் பெயர். இவ்வாமையின் ஓட்டுத் தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இவ்வொப்புமை நோக்கத்தக்கது. ரப்பர்த் தோட்டத்தில் அலுங்கைக் கண்டவர்க்கு அப்பெயர் எளிதில் விளங்கும்.

அவ்வழகிய ஓட்டுக்காகவே அது நெடுங்காலம் வேட்டையாடப்பட்டது. இன்று உலகளவில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. பெண்ணாமை மணலில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடும். குஞ்சு பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளே மிகும். இரவில் வெளிவரும் குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியை நோக்கிச் செல்லும். கரையில் விளக்குகள் ஒளிர்ந்தால் வழிதவறும். கரை தூர்க்கப்பட்டாலும் அரிக்கப்பட்டாலும் முட்டையிட இடமே இராது. பாடாங் கெமுந்திங்கில் உள்ள ஆமைப் பாதுகாப்பு நிலையம் முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது.

ஆசிரியர்கள் மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டுசெல்ல வேண்டுகிறோம். கண்ட உயிரின் வடிவம், நிறம், செயல் ஆகியவற்றை எழுதியபின், அதன் தமிழ்ப்பெயரையும் மலாய்ப்பெயரையும் அருகருகே குறிக்கட்டும். பெயரறியா உயிரொன்று கரையை விட்டு மறைந்தால் அதனைத் தேடுவார் இரார். பெயரறிந்தவரே அதன் குறைவை முதலில் உணர்வர்.