பிலிப்பீன் தீவுகளின் கோற்போர்

பிரம்பு என்றதும் இலங்கைப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் கை நினைவுக்கு வருவதுண்டு. பிலிப்பீன் தீவுகளிலோ அதே பிரம்பு ஒரு போர்க்கலையின் அரிச்சுவடியாக விளங்குகின்றது. ஏறக்குறைய 28 அங்குல நீளமும் 1 அங்குலப் பருமனும் உள்ள ஒரு துண்டுப் பிரம்பை மாணாக்கன் கையிற் கொடுத்து, தாக்குதல், தடுத்தல், விலகுதல் ஆகிய மூன்றையும் அதனைக் கொண்டே அங்கு கற்பிக்கின்றனர்.

இக்கலைக்கு ஆர்னிஸ், எஸ்கிரிமா, காலி என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ஆர்னிஸ் என்பது கவசத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லினின்றும், எஸ்கிரிமா என்பது வாட்போரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லினின்றும் வந்தவை. காலி என்னும் பெயர் பெரும்பாலும் அமெரிக்காவிலே பரவியது. தென்னிலங்கையின் காலி நகருக்கும் அதற்கும் தொடர்பொன்றுமில்லை. ஸ்பானியர் அத்தீவுகளை 1565 முதல் 1898 வரை ஆண்டனர். கலைச்சொற்கள் பல அவர்தம் மொழியில் அமைந்தமைக்குக் காரணம் அதுவே. ஆயினும் ஆயுதம் ஏந்தும் பழக்கம் அவர் வருகைக்கு முற்பட்டது. 1521 ஏப்ரல் 27ஆம் நாள் மக்டான் தீவின் கரையில் லாபுலாபு என்னும் தலைவனின் ஆட்களோடு பொருது மகெலன் மாண்டான் என்பது வரலாறு. அன்று கையாளப்பட்ட முறை இன்றைய கோற்போரே என்று கூறுதற்குச் சான்றில்லை. கடல் கடந்து வந்த கவசத்தாரை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அம்மக்களுக்கு இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

கோலுக்குப் பிரம்பைத் தேர்ந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. பிரம்பு கொடியாய்ப் படரும் ஒருவகைப் பனையினம். மூங்கிலைப் போல அதன் உள்ளே துவாரமில்லை. மரக்கோல் முறியும்போது கூரிய சிராய்கள் தெறித்துக் கண்ணையும் கையையும் ஊறுபடுத்தும். பிரம்போ அடிபட அடிபட நாராகப் பிரிந்து, தான் தேய்ந்துவிட்டதை முன்கூட்டியே அறிவிக்கும். பாரமும் குறைவு. கமகோங் என்னும் கருமரத்தாற் செய்த கோல்களும் உண்டு. அவை எலும்பை முறிக்க வல்லவை ஆதலால் தொடக்க மாணாக்கரிடம் கொடுக்கப்படுவதில்லை.

கோலுக்குப் பின்னால் ஒரு கத்தி மறைந்து நிற்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். அந்நாட்டு உழவன் புதர் வெட்டவும் தேங்காய் பிளக்கவும் கையாளும் காட்டுக்கத்தியே அவனுக்கு ஆயுதமுமாயிற்று. பிரம்பு அக்கத்திக்குப் பதிலாக நிற்பது. வேறு பல போர்க்கலைகளில் வெறுங்கைப் பயிற்சி முன்னும் ஆயுதப் பயிற்சி பின்னும் வரும். இங்கே வரிசை தலைகீழானது. முதலிற் கோல், பின்னர் கத்தி, அதன்பின் வெறுங்கை. ஒரே அசைவு மூன்றுக்கும் பொருந்தும் என்பதே இக்கலையின் அடிப்படைக் கொள்கை.

முதற்பாடம் பிடி. கோலின் அடியிலிருந்து நான்கு விரற்கிடை விட்டு, பெருவிரலை மற்றைய விரல்களின் மேல் மடித்துப் பிடித்தல் வேண்டும். கைக்குக் கீழே நீண்டிருக்கும் அச்சிறு பகுதி வீண் அன்று. நெருங்கிய நிலையில் இடிப்பதற்கும் எதிரியின் மணிக்கட்டைக் கொளுவி இழுப்பதற்கும் அதுவே பயன்படும். பிடி இறுகினால் மணிக்கட்டு சுழலாது. தளர்ந்தால் கோல் பறந்துவிடும். மணிக்கட்டு சிறிதளவு திரும்பும்போது கோலின் நுனி நெடிய வளைவொன்றைக் கடந்து செல்கின்றது. அடியின் வேகம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றது. தோளின் முரட்டு வலிமையால் அன்று.

இரண்டாம் பாடம் கால். நிலத்தில் ஒரு முக்கோணத்தை வரைந்து அதன் முனையில் மாணாக்கனை நிறுத்துவர். அடி நேரே வரும்போது நேரே பின்வாங்கினால் இரண்டாம் அடி அவனைத் துரத்தி வரும். ஆதலின் முக்கோணத்தின் பக்கக் கோட்டின் வழியே சரிந்து முன்னேறுமாறு பழக்குவர். அவ்வாறு செய்பவன் அடியின் பாதையினின்றும் விலகுகின்றான். அதே வேளையில் எதிரியை அணுகியும் விடுகின்றான். சிலம்பம் பயின்றோருக்கு இக்கருத்துப் புதிதன்று. அங்கும் காலடி பழகிய பின்னரே கோல் பேசும்.

மூன்றாம் பாடம் கோணங்கள். இதுவே கலையின் நடுநாயகம். உலகில் எத்தனை ஆயுதங்கள் இருப்பினும், அவை மனித உடலை வந்தடையும் வழிகள் சிலவே. அவ்வழிகளுக்கு எண் இட்டுவிட்டனர். சில மரபினர் ஐந்தென்பர்; பலர் பன்னிரண்டென்பர். பரவலாக அறியப்பட்ட ஒரு முறையில், 1உம் 2உம் நெற்றிப்பொட்டின் இரு புறம், 3உம் 4உம் முழங்கையும் விலாவும் சார்ந்த இரு புறம், 5 வயிற்றை நோக்கிய குத்து, 6உம் 7உம் மார்பின் இரு புறக் குத்துகள், 8உம் 9உம் முழங்கால்கள், 10உம் 11உம் கண்களை நோக்கிய குத்துகள், 12 உச்சந்தலை. வருவது கோலா, கத்தியா, முட்டியா என்று மாணாக்கன் ஆராய வேண்டியதில்லை. அது எந்த எண்ணின் வழியே வருகின்றது என்பதை மட்டும் கண்டுகொண்டாற் போதும், விடை கையிலிருக்கும். நூறு அடிகளுக்கு நூறு தடைகளை மனனம் செய்யும் சுமை இதனால் ஒழிகின்றது.

நான்காவது, கோல் பிடியாத கை. அது தொங்கிக் கிடத்தல் ஆகாது. மார்புக்கு அண்மையில் விழிப்புடன் நிற்றல் வேண்டும். எதிரியின் அடியைக் கோல் நிறுத்திய மறுகணமே, அக்கை சென்று அவன் கையை அழுத்தி இரண்டாம் அடியை முளையிலேயே தடுத்துவிடும். கோலைப் பறித்தெடுக்கும் உத்திகள் யாவும் இக்கையையே நம்பியுள்ளன.

ஐந்தாவது, சினவாலி. மூங்கிற் கீலங்களைப் பின்னிச் செய்யும் தட்டிக்கு அந்நாட்டில் சவாலி என்று பெயர். இரு கையிலும் கோலேந்திய இருவர் எதிரெதிரே நின்று, வலக்கை தொடங்கி மூன்றடி, இடக்கை தொடங்கி மூன்றடி என ஆறு எண்ணுக்குள் கோலோடு கோல் மோதுவர். கோல்கள் மேலும் கீழுமாகக் குறுக்கிட்டுச் செல்வது பாய் இழைப்பது போலத் தோன்றுவதால் இப்பெயர். தாளம் பிடிபடும் வரை மெதுவாகவே செய்தல் வேண்டும். வலக்கை அறிந்ததை இடக்கையும் அறியுமாறு செய்வதில் இப்பயிற்சிக்கு நிகர் அரிது.

இங்கு ஒரு கேள்வி எழலாம். இத்துணைத் தெளிவான பாடமுறை இருந்தும், நெடுங்காலம் இக்கலை சிறு வட்டங்களுக்குள்ளே ஒடுங்கியிருந்தது ஏன்? காரணம் கையிலேயே இருந்தது. எதிரியின் கை பாம்பாயின் அது ஏந்திய ஆயுதம் நச்சுப்பல். பல்லைப் பிடுங்கிவிட்டால் பாம்பு தீங்கற்றது என்பது இக்கலையினர் உவமை. ஆகவே கோலை அடியாது கையையே அடித்தனர். போரில் அது அறிவுடைய செயல். பயிற்சியிலோ மாணாக்கனின் விரல்கள் வீங்கின; பலர் சில நாளிலேயே விலகினர். தேறியவர் வல்லவரே, ஆனால் தேறியவர் தொகை சிறிது.

நீக்ரோஸ் தீவில் 1936இல் பிறந்த ரெமி பிரேசாஸ் இக்குறையை உணர்ந்தார். பயிற்சியில் கையை அல்ல, கோலையே கோல் சந்திக்குமாறு முறையை மாற்றி, 1960களில் நவீன ஆர்னிஸ் என்னும் பெயரில் அதனைப் பரப்பினார். அச்சம் நீங்கவே மாணாக்கர் பெருகினர். பழைய ஆசான்கள் சிலர் முகஞ் சுளித்ததிலும் நியாயமுண்டு. கோலை மட்டுமே குறிவைத்துப் பழகியவன், ஆளை விட்டுக் கோலைத் துரத்துபவன் ஆகிவிடுவான். அதனால் நல்லாசிரியர் இரண்டையும் இணைக்கின்றனர். தொடக்கத்திற் கோலோடு கோல். தாளமும் தூரமும் நிலைத்த பின்னர், தலைக்கவசமும் கையுறையும் அணிவித்துக் கையைக் குறிவைக்கும் பழைய பாடம். வரிசை மாறினால் ஒன்று மாணாக்கனை இழப்பர்; அன்றேல் கலையை இழப்பர்.

தீவுகளிலும் வெளியிலும் கலை மெல்லப் பரவியது. செபூ நகரில் 1932இல் டோசே பாரெஸ் என்னும் சங்கம் தோன்றியது. பிளாசிடோ யம்பாவ் 1957இல் தகலோக் மொழியில் ஆர்னிஸ் நூலொன்றை வெளியிட்டார். பிலிப்பீன் தோட்டத் தொழிலாளர் பலர் குடியேறிய கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில் 1966இல் ஏஞ்சல் கபாலெஸ் யாவர்க்கும் திறந்த பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். 2009 டிசம்பரில் பிலிப்பீன் அரசு 9850ஆம் இலக்கச் சட்டத்தால் ஆர்னிசைத் தேசியப் போர்க்கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. 2019இல் அந்நாட்டில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழாவிலும் அது போட்டியாக இடம்பெற்றது.

கற்க விரும்புவோர் முடிவாக மனத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இக்கலையைத் தனியே பாதிதான் கற்க முடியும். மறுபாதிக்கு எதிரில் ஒருவர் வேண்டும். அவர் பகைவர் அல்லர். தம் நெற்றியையும் விரல்களையும் மாணாக்கனின் நிதானத்தை நம்பி ஒப்படைத்தவர். விரல் எலும்பு சிறிது. பிரம்பின் நுனி விரைவுடையது. ஓங்கிய கோலை உரிய இடத்தில் நிறுத்தத் தெரியாதவனுக்கு அடுத்த நாள் எதிரில் நிற்க எவரும் வரமாட்டார். அவன் கல்வியும் அன்றோடு நின்றுவிடும். பன்னிரண்டு கோணங்களையும் ஒரு மாதத்தில் எண்ணப் பழகலாம். கோலை நிறுத்தப் பழகுவதற்கே ஆண்டுகள் செல்லும்.