ஒரே சஹனில் உண்போர்

கடலோர ஊர்களில் வாழும் நம் இல்லங்களில் மீன் ஆணம் மணக்காத நாள்கள் மிகக் குறைவு. பழவேற்காடு, நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என நீண்டு செல்லும் கரை நெடுகிலும் மீன் நம் உணவாகவும், நம்மில் பலருக்குத் தொழிலாகவும் இருந்து வருகிறது. ஆனால் படகு வந்து அணையும் அதே துறையில், வலை உதறப்படும் அதே கழியில், நமக்கு முன்பே எழுந்து வந்து பசியாறிச் செல்லும் வேறொரு கூட்டமும் உண்டு. மீனுண்ணும் பறவைகளையே குறிப்பிடுகிறோம். நாள்தோறும் நம் கண்ணில் படும் அவற்றைச் சற்று நின்று கவனித்ததுண்டா?

விருந்தில் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, அவரவர் முன்னுள்ள பக்கத்திலிருந்து எடுத்து உண்பது நம்மிடையே நெடுநாளாக இருந்து வரும் வழக்கம். ஒரு கழிமுகத்தில் பறவைகள் இரை தேடும் விதத்தைப் பார்த்தால் இந்தக் காட்சியே நினைவுக்கு வரும். நீர் ஒன்றுதான். மீனும் ஒன்றுதான். ஆயினும் ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனிப் பக்கம் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சஹனில் நமக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

கரையோரம் நிற்பவை

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஒருநாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் உங்கள் ஊர்க் குளத்தங்கரைக்கோ கழிமுகத்துக்கோ சென்று பாருங்கள். முதலில் எதுவும் தென்படாது. கரைச் சேற்றின் நிறத்திலேயே, மண்ணாங்கட்டி போலக் குறுகி அமர்ந்திருக்கும் மடையான் உங்கள் காலடி ஓசை கேட்டு எழும்போதுதான், இத்தனை வெண்மையான இறக்கைகளை அது எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று வியப்பீர்கள். குருட்டுக் கொக்கு என்று நம் மக்கள் அழைப்பதும் இதனையே. உண்மையில் அதன் பார்வை மிகக் கூர்மையானது. அசையாமல் நின்று, மீன் எட்டும் தூரத்தில் வந்த கணத்தில் குத்தி எடுப்பது அதன் வழி.

அதன் அருகே நிற்கும் சின்னக் கொக்கு வேறு விதம். கரிய கால்களின் முனையில் மஞ்சள் நிறப் பாதங்கள். ஒரு காலை நீருக்குள் நீட்டிச் சேற்றை மெல்லக் கலக்கும். மறைந்திருக்கும் சிறு மீன்கள் வெருண்டு வெளிப்படும்போது அலகு பாயும்.

நீருக்குள் கிடக்கும் பொருள் மேலிருந்து பார்ப்பவருக்குச் சற்று இடம் மாறித் தோன்றும் என்பதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கொக்கினத்துப் பறவைகள் இந்த ஒளி விலகலைக் கணக்கில் கொண்டே குறி வைக்கின்றன என்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது.

முழங்கால் ஆழத்தில் சங்குவளை நாரையைக் காணலாம். மஞ்சள் நிறத்தில் நீண்ட அலகும், இறக்கையின் பின்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயலும் கொண்ட அழகிய பறவை. கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை இல்லை என்பதால், அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்தபடியே அது நடக்கும். மீன் அலகில் தட்டுப்பட்டதும் இமைக்கும் நேரத்துக்குள் அலகு மூடிக்கொள்ளும். தொடு உணர்வாலேயே வேட்டையாடும் பறவை இது.

பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் கூட்டம் கூட்டமாக நிற்கும் பூநாரையை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். தலைகீழாகக் கவிழ்த்த அலகால் சேற்று நீரை வடிகட்டி, நுண்ணிய உயிர்களையும் பாசிகளையும் உண்பதே அதன் வழக்கம். அதன் பக்கம் வேறு.

மூழ்குபவையும் பாய்பவையும்

ஆழமான நீர் நீர்க்காகத்திற்கும் பாம்புத்தாராவிற்கும் உரியது. நீர்க்காகம் கால்களால் நீரை உந்தி, மூழ்கி, மீனைத் துரத்திப் பிடிக்கும். அதன் இறகுகள் வாத்தின் இறகைப் போல நீரை உதறித் தள்ளுவதில்லை, நனைந்து கனக்கும். எளிதில் மூழ்குவதற்கு இது உதவுகிறது. வேட்டை முடிந்தபின் பாறையிலோ பட்டுப்போன மரத்திலோ இறக்கைகளை அகல விரித்து வெயிலில் காய்வதும் இதனால்தான். பாம்புத்தாரா நீந்தும்போது உடல் முழுதும் நீருக்குள் மறைந்து, நீண்ட கழுத்து மட்டும் மேலே நெளிவதால் பாம்பு செல்வதைப் போலவே தோன்றும். ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்தி, மேலே வந்து, தூக்கியெறிந்து, தலை முதலில் செல்லும்படி விழுங்கும். முதலில் வால் சென்றால் செதிலும் முள்ளும் தொண்டையில் சிக்கும் அல்லவா?

கூழைக்கடா தனியே வேட்டையாடுவதும் உண்டு. கூட்டமாக வேட்டையாடுவதும் உண்டு. பல பறவைகள் அரை வட்டமாக அணிவகுத்து மீன்களைக் கரைப்பக்கம் ஒதுக்கி, ஒரே சமயத்தில் அலகுகளை நீரில் முக்குவதைக் கண்டவர்கள் கரைவலை இழுப்பவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. கீழ் அலகில் தொங்கும் பை, மீனைச் சேமிக்கும் சாக்கு என்று பலரும் எண்ணுகின்றனர். அது உண்மையில் அள்ளு வலை. நீரை வடியவிட்டபின் மீனை உடனே விழுங்கிவிடும்.

இனி வானத்தைப் பாருங்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி, நீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, பின் கல்லைப் போல் விழும். ஆலாக்கள் கடலோர அலைகளின் மீது பறந்தவாறே சட்டெனப் பாயும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் விராலடிப்பான் இவை அனைத்தையும் விஞ்சக் கூடியது. உயரத்திலிருந்து கால்களை முன்னே நீட்டி நீரில் பாயும் இக்கழுகின் பாதங்களில் சொரசொரப்பான முள் போன்ற செதில்கள் உள்ளன. வெளி விரலைப் பின்னோக்கித் திருப்பி, முன்னே இரண்டு, பின்னே இரண்டு என விரல்களால் வழுக்கும் மீனையும் இறுகப் பற்றிவிடும். மீனின் தலை காற்றை எதிர்நோக்கும்படி பிடித்துத் தூக்கிச் செல்வதையும் கவனியுங்கள்.

இவ்வளவு ஒழுங்குக்கிடையே பறித்துண்போரும் உண்டு. துறைமுகங்களில் வட்டமிடும் செம்பருந்தும், கடற்காகங்களும் பிறர் பிடித்த மீனைத் தட்டிப் பறிப்பதைக் காணலாம். எந்தச் சஹனும் இதற்கு விதிவிலக்கில்லை போலும்!

இழப்பா, வரவா?

“இத்தனை பறவைகளும் உண்டால் நமக்கு மீன் ஏது?” என்று கேட்போர் உண்டு. இதற்கு வேடந்தாங்கல் மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டனர். ஏரியின் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலக்கிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் அந்நீரைப் பாய்ச்சும் வயல்களுக்கு உரமாகின்றன. இதனை உணர்ந்த ஊரார் பறவைகளைத் தாமே காவல் காத்தனர். வெள்ளையர் வந்து சுட்டபோது முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கான எழுத்துப்பூர்வ உரிமையையும் பெற்றனர். ‘வேடர்களின் தங்குமிடம்’ என்று பொருள்படும் பெயருடைய ஊர், வேட்டைக்கு இடந்தராத ஊராக மாறிய வரலாறு இது. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் கோடியக்கரை 2002லும், வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் 2022லும் இடம்பெற்றன.

வடக்கே இதே போன்றதொரு நீர்நிலையைக் காக்க முன்னின்றவர் டாக்டர் சாலிம் அலி. 1896ல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமனின் இல்லத்தில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்ன பறவை என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த ஒரு கேள்வி வாழ்நாள் பணியாயிற்று. 1941ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், தலைமுறை தலைமுறையாகப் பலரைப் பறவை நோக்கர்களாக்கியது. நாரைகளும் நீர்க்காகங்களும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் பரத்பூர் நீர்நிலையை வடித்து விளைநிலமாக்க வேண்டுமென்ற கோரிக்கை விடுதலைக்குப்பின் எழுந்தபோது, பிரதமர் நேருவரை கொண்டு சென்று அதனைத் தடுத்தவர் அவரே. அவ்விடம் 1982ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1987ல் அவர் மறைந்தார்.

நமக்கு முன்பே நோயுறுவோர்

பறவைகளைக் காப்பது கருணைச் செயல் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அதில் நம் இல்லத்து நலமும் அடங்கியிருக்கிறது. நீரில் கலக்கும் நஞ்சு முதலில் நுண்ணுயிர்களில் சேர்கிறது. அவற்றை உண்ணும் சிறு மீனில் கூடுகிறது. சிறு மீனை உண்ணும் பெரிய மீனில் மேலும் கூடுகிறது. நாமோ ஒருநாள் மீன், ஒருநாள் இறைச்சி, ஒருநாள் காய்கறி என மாற்றி உண்கிறோம். அந்தப் பறவைகளில் பலவற்றுக்கு மீனே முதன்மை உணவு. குடலோடும் முள்ளோடும் முழு மீனையும் நாள்தோறும் விழுங்குகின்றன. ஆகவே நீரின் கேடு நம்மைத் தொடும் முன் அவற்றைத் தொட்டுவிடுகிறது.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலை தன் கழிவோடு பாதரச நஞ்சையும் கடலில் விட்டது. 1950களின் தொடக்கத்தில் மீனுண்ட பூனைகள் வலிப்பு வந்து சுழன்று விழுந்தன. பறக்கும் பறவைகள் தரையில் வீழ்ந்தன. எவரும் பொருட்படுத்தவில்லை. 1956ல் அதே நோய் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டது. கருவிலிருந்த சிசுக்களும் தப்பவில்லை. பாதிக்கப்பட்டோராக முறைப்படி அங்கீகரிக்கப்பட்டவர்கள் மட்டும் 2,200க்கும் மேற்பட்டோர்.

அமெரிக்காவில் டி.டி.டி. பூச்சிமருந்து பழுப்புக் கூழைக்கடாக்களின் முட்டை ஓடுகளை மெலியச் செய்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரத்தாலேயே முட்டைகள் நொறுங்கின. கலிபோர்னியாவின் அனகாப்பா தீவில் 1970ஆம் ஆண்டு 552 கூடுகளில் ஒரேயொரு குஞ்சு மட்டுமே தேறியது. 1972ல் அந்நாட்டில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. பறவைகள் மெல்லப் பெருகின. 2009ல் அவை அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. தவற்றை நிறுத்தினால் மீட்சி உண்டு என்பதற்கு இது சான்று.

நம் கரைக்கும் வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. வெண்சாம்பல் நிறக் கூழைக்கடாக்கள் கருமை படிந்து நின்ற படங்களை நாளேடுகளில் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் தோய்ந்த இறகு குளிரைத் தடுக்காது, நீரில் மிதக்கவும் உதவாது. அலகால் கோதிச் சுத்தம் செய்ய முயன்றால் எண்ணெய் வயிற்றுக்குள் செல்லும். அதே நாள்களில் அப்பகுதி மீனவர்களின் படகுகளும் வலைகளும் எண்ணெயில் தோய்ந்தன. அவர்தம் அடுப்புகள் அணைந்தன. பறவைக்கு நேர்ந்த இடுக்கணும் மீனவக் குடும்பத்துக்கு நேர்ந்த இடுக்கணும் ஒன்றே.

குடும்பத்தோடு காண

நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள் இதற்கு ஏற்றவை. காலை வெயில் ஏறுவதற்கு முன்னும், அஸருக்குப் பின்னும் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்று குடும்பம் முழுமைக்கும் போதும். அதுவும் இல்லாவிடில் கண்ணே போதும். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். கூடுகளை நெருங்காதீர்கள். பெற்றோர் பறவை அஞ்சி எழுந்தால் குஞ்சுகள் வெயிலில் வாடும். காகமும் பருந்தும் கவர்ந்து செல்லும்.

பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, தேதி, இடம், பறவை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு நூறு வந்த இடத்தில் இவ்வாண்டு பத்து வந்தால், ஏன் என்ற வினா அவர்களிடமே பிறக்கும். கரையில் அறுந்து கிடக்கும் தங்கூசி நரம்புகளை அகற்றுங்கள்; அவற்றில் கால் சிக்கி மடியும் பறவைகள் பல. சில ஊர்களில் கொக்குகளைக் கண்ணி வைத்துப் பிடித்து இறைச்சிக்கு விற்கின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அத்தகைய இறைச்சியை நம் வீட்டுப் பெரியோர் வாங்காதிருந்தாலே விற்பனை குறையும்.

கரையில் பறவைகள் பல ஒருசேர இறந்து கிடப்பதைக் கண்டால், கையால் தொடாமல் உடனே வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அன்றைய மீனை வாங்குவதற்கு முன், அது எந்த நீரில் பிடிக்கப்பட்டது என்றும் கேளுங்கள்.