மீதி என்றால் கழித்தலா?

புவனகிரியில் மாலை வேளைகளில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ம − 12 = 30 என்று எழுதிக் கொடுத்தால் நொடியில் 42 என்பாள். அதையே வாக்கியமாக்கினேன்: ‘சந்தைக்குக் கொண்டுவந்த தேங்காய்களில் 12 விற்றுப்போயின, மீதி 30. கொண்டுவந்தவை எத்தனை?’ விடை 18 என்றாள். அவளது நோட்டின் பின்னட்டையில் ஒரு பட்டியல் இருக்கிறது: மொத்தம் என்றால் கூட்டல், மீதி என்றால் கழித்தல். கொண்டுவந்ததைவிட மீதி மிகுந்துவிட்டதை அவள் கவனிக்கவே இல்லை.

நேரிய சமன்பாட்டைத் தீர்ப்பது கடினமன்று. வாக்கியத்திலிருந்து அதை உருவாக்குவதே கடினம். 1981-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, முதலாண்டுப் பொறியியல் மாணவர்களில் 37 விழுக்காட்டினர் தவறினர். ஆங்கிலத்தில் ‘ஆறு மடங்கு மாணவர்’ என்பது முன்னே வருகிறது. பலர் சொல் வந்த வரிசையிலேயே மாணவரை ஆறால் பெருக்கிவிட்டனர். தமிழில் பேராசிரியர் முன்னே, ஆறு அடுத்து, மாணவர் கடைசியில். வரிசைப்படி எழுதினாலே சரியாகிவிடும். இந்த இடத்தில் நம் மொழி துணை நிற்கிறது.

ஆனால் ‘விட’ என்ற உருபு நம்மையும் கவிழ்க்கும். ‘ஒரு தோப்பில் மாமரங்களைவிடத் தென்னை 15 குறைவு, இரண்டும் சேர்ந்து 65.’ சொல் வரிசைப்படி எழுதும் பிள்ளை மா = தென்னை − 15 என்று எழுதும். தென்னை 40, மா 25 என்று விடை வரும். கூட்டிப் பார்த்தால் 65; சரி என்றே தோன்றும். உண்மையோ நேர்மாறு: மா 40, தென்னை 25. ஆகவே கிடைத்த எண்ணைச் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்பது போதாது. வாக்கியத்தில் இட்டுப் படிக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆயினும் தேர்வு அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

குறியீடுகள் பிற்காலத்தவை. சமக்குறி அச்சில் தோன்றியதே 1557-இல்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்கணிதத்துக்கு நூல் செய்த அல்-குவாரிஸ்மி, தீர்வுகள் முழுவதையும் சொற்களாலேயே எழுதினார். நம் கணக்கதிகாரமும் குறியீடு இன்றிச் செய்யுளில் கணக்குச் சொன்னதுதான். வாசித்துப் பொருள் கொள்வது அன்று கணக்கின் ஒரு பகுதியாகவே இருந்தது. இன்று அதைத் தமிழ்ப் பாடவேளைக்குத் தள்ளிவிட்டு, கணக்குப் பாடவேளையில் பின்னட்டைப் பட்டியலைக் கொடுக்கிறோம். முதல் வகுப்பிலேயே தொடங்கும் பழக்கம் இது. எட்டாம் வகுப்பில் மதிப்பெண்ணாகக் கழிகிறது.

அச்சிறுமியிடம் பேனாவை வைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லச் சொன்னேன். ‘கூடையில் நிறைய இருந்தது, 12 போச்சு, 30 இருக்கு’ என்றாள். நிறைய என்பதற்கு ஓர் எழுத்து வை என்றேன். ‘ம’ என்றாள். ம என்றால் தேங்காயா, தேங்காயின் எண்ணிக்கையா என்று கேட்டேன். சற்று யோசித்து, ‘எண்ணிக்கை’ என்றாள். அதன்பின் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.