எங்கே நிறுத்துவது? டிஜிட்டல் வாட்டர்கலரும் எங்க ஆச்சியும்

இன்னைக்கு எபிசோட் ஒரு சொதப்பல் கதையிலிருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் எங்க ஆச்சிக்கு 80 வயசு. திருநெல்வேலி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டுற மாதிரி ஒரு படம் வரைஞ்சு, ஃப்ரேம் போட்டுக் கொடுக்கணும்னு ஆசை. ஐபேடில், புரோகிரியேட் ஆப்பில், வாட்டர்கலர் பிரஷ் வைத்து வரைந்தேன். கொண்டுபோய்க் காட்டினால், ஆச்சி கண்ணாடியைப் போட்டு நல்லாப் பார்த்துட்டு, "யாருலே இது? லட்சணமா இருக்காளே"ன்னு கேட்டா.

சிரிச்சுச் சமாளிச்சேன். ஆனா ராத்திரி ரயிலில் தூக்கம் வரலை. புரோகிரியேட்டில் டைம்லாப்ஸ்னு ஒரு வசதி இருக்கு. நாம் வரைந்தது முழுக்க வீடியோவாகப் பதிவாகும். அதை ஓட்டிப் பார்த்தேன். வீடியோவில் ஐந்தில் ஒரு பங்கு ஓடியபோதே ஆச்சி அங்கே இருந்தா. கொஞ்சம் சாய்ஞ்ச கழுத்து, இடுங்கின கண், எல்லாம். மிச்ச நேரம் முழுக்க, நானே உட்கார்ந்து அவளை அழிச்சிருக்கேன்.

இது ஏன் நடக்குது?

பேப்பரில் வரையும்போது நம்மை நிறுத்த ஆள் இருக்கு. வாஷ் ஈரமாக இருக்கும்போது கை வைத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி திட்டு விழும், காயும்வரை காத்திருக்கணும். ஒரே இடத்தில் தேய்த்தால் பேப்பர் நார் நாராகப் பிரியும். நாலைந்து நிறம் மேலே மேலே போனால் சேற்று நிறம் வரும். முக்கியமா, வாட்டர்கலரில் வெளிச்சம் என்பது பேப்பரின் வெள்ளைதான். அதை மூடிட்டா, திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

ஐபேடில் இந்தத் தடை எதுவும் கிடையாது. காய வேண்டியதில்லை, பேப்பர் கிழியாது, 250 தடவை வரை அண்டூ பண்ணலாம். தப்புக்குத் தண்டனை இல்லாததால் கை நிற்கவே மாட்டேங்குது.

இதில் மூன்று பொறி இருக்கு. முதல் பொறி ஜூம். கண்ணிமையை ஸ்கிரீன் அளவுக்குப் பெரிதாக்கினால் அதில் எப்பவும் ஒரு குறை தெரியும். இரண்டாவது ஸ்மட்ஜ். வாட்டர்கலர் காயும்போது ஓரத்தில் நிறம் சேர்ந்து ஒரு கோடு நிற்கும். அந்த ஓரம்தான் அதன் அழகு. நாம் அதைத் தேய்த்து வழவழன்னு ஆக்கிடுறோம். மனுஷ முகத்தில் இது இன்னும் மோசம், சுருக்கம் போய் பொம்மை ஆயிடும். மூன்றாவது, இருண்டுபோன இடத்தில் மேலே வெள்ளை பூசுவது. அப்போ ஒளி ஊடுருவுற தன்மை போய், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரியும்.

இந்த இடத்தில் ரோடினைச் சொல்லணும். ஆமா, சிற்பி ரோடின்தான். 1890களுக்குப் பிறகு அவர் வரைந்த உருவப் படங்களைத் தேடிப் பாருங்க. பேப்பரைப் பார்க்காமல், மாடலை மட்டும் பார்த்துக்கொண்டே பென்சிலை ஓட்டுவார். பிறகு மேலே லேசாக ஒரு வாஷ். பல படங்களில் நிறம் கோட்டைத் தாண்டிப் போயிருக்கும். அவர் சரி பண்ணலை. ஆனாலும் அந்த உடம்பு அசையுற மாதிரியே இருக்கும்.

சரி, நான் என்ன பண்ணேன்? தடையை நானே வைச்சுக்கிட்டேன்.

மூணே லேயர்: பென்சில், முதல் வாஷ், நிழல். நாலாவது கிடையாது. ஸ்மட்ஜைத் தொடுறதில்லை. முழுப் படமும் ஸ்கிரீனில் தெரியும் அளவுக்கு மேலே ஜூம் பண்றதில்லை. பிரஷ் தேவைப்படுவதை விட ஒரு சைஸ் பெரிசு. முகத்தில் கண்குழி, மூக்கடி, தாடையடி நிழலைத் தனித்தனியாக வைக்காமல் ஒரே வடிவமாகச் சேர்த்து ஒரே தடவையில் போட்டேன். விவரம் எங்கே வேணும்னு வரையுறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சேன்: பூ கட்டுற விரல்கள். அங்கே மட்டும்தான் சின்ன பிரஷ். முதல் வாஷ் முடிந்ததும் எழுந்து போய் டீ போட்டேன். ஐபேடுக்குக் காய நேரம் வேண்டாம், எனக்கு வேணும்.

இன்னொரு விஷயம். எதையாவது திருத்தத் தோணினால், முதலில் ஃபைலை டூப்ளிகேட் பண்ணுங்க. மறுநாள் காலையில் இரண்டையும் சின்ன தம்ப்நெயிலாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எனக்குப் பத்தில் எட்டு தடவை பழசுதான் ஜெயிக்குது.

இரண்டாவது படத்தை தீபாவளிக்குக் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னா, அது பாதியில் விட்ட மாதிரிதான் இருந்தது. இடது தோள் பின்னணியோடு கலந்துபோச்சு. புடவைக்கு ஒரே வாஷ். வழி முழுக்க அதைத் திறந்து சரி பண்ணணும்னு கை துறுதுறுன்னு இருந்தது.

ஆச்சி பார்த்தா. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "ஏலே, என் மூக்குத்தி எங்க?"ன்னா.

என் மூக்குத்தி! அந்த 'என்' போதும் எனக்கு.

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து ஒரு புள்ளி வெச்சேன். நான் போட்ட விதிப்படி அது தப்புதான். உடனே ஐபேடை மூடிட்டேன்.

நீங்க கெடுத்துட்டதா நினைக்கிற படம் ஒண்ணு இருக்கும். இந்த வாரம் அதோட டைம்லாப்ஸை ஓட்டி, எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்னு பாருங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.