அடுத்த செவ்வாய் இல்லாத ஊர்!

செவ்வாய்க்கிழமை காலையில் காரிமங்கலம் வாரச்சந்தைக்கு வந்து பாருங்கள். மாட்டுத் தரகர்கள் இரண்டு பேர் கை குலுக்குகிற மாதிரி நிற்பார்கள். கைக்கு மேலே ஒரு துண்டு. துண்டுக்குள்ளே விரல்கள் பேசும். என்ன விலை என்பது பக்கத்தில் நிற்கிற மாட்டுக்குக்கூடத் தெரியாது!

இந்தச் சந்தையைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் மாமா ஒருவர் அந்தத் துண்டு வியாபாரத்தில் முப்பது வருஷம் இருந்தவர். போதாக்குறைக்கு நான் பி.காம். வேறு. ஆகவே, பண விஷயத்தில் என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்துதான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறந்திருக்கிறான் ஸார். பாலித் தீவில் இருக்கிறான்!

நாங்கள் நாலு பேர். ஒருத்தனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஒருத்தன் கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஆபீஸ், ஒருத்தன் நம்ம சந்தையிலேயே தேங்காய் மண்டி. நாலாவது ஆசாமி அடியேன். மாசம் மூவாயிரம் வீதம் இரண்டு வருஷம் சீட்டு மாதிரி கட்டிச் சேர்த்த பணம். வீட்டுக்குத் தெரிந்து பாதி, தெரியாமல் பாதி. 2024-ல் பெங்களூரிலிருந்து விமானம் ஏறினோம். “நீதான் காமர்ஸ் படிச்சவன்” என்று சொல்லி என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். விதி!

குட்டா என்று அங்கே ஒரு கடற்கரை. தெருவுக்குத் தெரு பணம் மாற்றும் கடை. எல்லா இடத்திலும் ஒரு டாலருக்குப் பதினாறாயிரத்து நூறு ரூப்பியா என்று போட்டிருக்க, ஒரு சந்துக்குள் மட்டும் ‘16,400, கமிஷன் கிடையாது’ என்று போர்டு. மற்ற மூன்று பேரும் பெரிய கடைக்கே போகலாம் என்றார்கள். நான் விடவில்லை. முன்னூறு டாலருக்குத் தொண்ணூறாயிரம் ரூப்பியா லாபமாச்சே!

உள்ளே போனால் அது பணம் மாற்றும் கடையே இல்லை. பனியனும் சாவிக்கொத்தும் விற்கிற கடை. அதன் கோடியில் ஒரு மேஜை, இரண்டு ஆட்கள். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே வந்தாச்சு, கூப்பிட்டு உட்கார வைத்தாச்சு, எழுந்து போனால் மரியாதையாக இருக்குமா என்று ஒரு கூச்சம். சந்தையில் பத்து மாட்டுக்குப் பல்லைப் பார்த்துவிட்டு ஒன்றுமே வாங்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிற பரம்பரையில் வந்தவனுக்கு இந்தக் கூச்சம் எங்கிருந்துதான் வந்ததோ!

நாற்பத்தொன்பது லட்சத்து இருபதாயிரம் ரூப்பியா. ஐம்பதாயிரம் நோட்டுகளாகப் பத்துப் பத்தாக மேஜையில் அடுக்கினான். நானும் எண்ணினேன். சரியாக இருந்தது. “ஒரு நிமிஷம், இருபதாயிரம் சில்லறை விட்டுட்டேன்” என்று கட்டு மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து இரண்டாவது ஆள், “இந்தியாவா? ஷாரூக் கான்!” என்றான். நான், “இல்லப்பா, எங்களுக்கு ரஜினி” என்று திருத்தினேன். தலைமுடியைக் கோதிக் காட்டினேன். அவன் கைதட்டினான். முதல் ஆள் கட்டைத் தட்டிச் சீராக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்தான். கும்பிட்டுவிட்டு வந்தோம்.

ரூமில் வந்து எண்ணினால் பதினாலு நோட்டு குறைகிறது. ஏழு லட்சம் ரூப்பியா. நம்ம காசில் சுமார் நானூற்றெழுபது ரூபாய் லாபத்துக்கு ஆசைப்பட்டு, சுமார் மூவாயிரத்து எழுநூறு ரூபாய் காலி. கட்டைத் தட்டிச் சீராக்கினான் பாருங்கள், அப்போது மேஜைக்குப் பின்பக்கம் மடியில் விழுந்தவை அந்தப் பதினாலும்! மறுநாள் போய்க் கேட்டோம். மேஜை இருந்தது. ஆட்கள் வேறு. “நேத்து கடை லீவாச்சே” என்றார்கள் சிரித்துக்கொண்டே.

ஊருக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“கடைசியா எண்ணினது யாரு மாப்ளே?”

“அவன்தான் மாமா.”

“அப்புறம் என்ன... பணம் அவுனுதுதான்!”

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “சந்தையிலயும் ஏமாத்துக்காரன் இருக்கான்டா. ஆனா அடுத்த செவ்வாக்கிழமை அவன் இதே எடத்துக்கு வந்து நிக்கணும். நானும் வந்து நிப்பேன். அந்த ஊர்ல உனக்கு ஏதுடா அடுத்த செவ்வாக்கிழமை?”

மாமா நாலாவதோடு நிறுத்தியவர். எனக்கு எந்த வாத்தியாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

யோசித்துப் பாருங்கள். டூரிஸ்ட் என்றால் மறுபடி வராத வாடிக்கையாளர். அதிலும் தீவு என்றால் கேட்கவே வேண்டாம். திரும்பும் டிக்கெட்டின் தேதி அவனுக்கே தெரியும். போலீஸ், கேஸ் என்று அலைய நமக்கு நாள் இல்லை. மூவாயிரத்துக்காக இருபதாயிரம் ரூபாய் விமான டிக்கெட்டை எவன் விடுவான்? மோசடியின் மூலதனமே இந்தக் கணக்குதான். அதனால் தீவுக்குப் போகிறவர்கள், எந்த ஆளுக்கு ‘அடுத்த செவ்வாய்க்கிழமை’ இருக்கிறதோ அவனிடம் மட்டும் காசைக் கொடுக்க வேண்டும்.

பணம் மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். இந்தோனேஷிய மத்திய வங்கி லைசென்ஸ் கொடுத்த கடைகள் இருக்கின்றன. ‘பெரிஸின்’ என்ற வார்த்தையோடு முத்திரை மாட்டியிருப்பார்கள். கண்ணாடித் தடுப்பு, கம்ப்யூட்டர் ரசீது எல்லாம் இருக்கும். பத்துப் பைசா குறைவாகத்தான் தருவார்கள். ஆனால் அவர்களுக்கு லைசென்ஸ் என்று இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. சந்துக்கடையில் எல்லோரையும் விட அதிக ரேட் போட்டிருந்தால், அந்த அதிகத்தை எங்கிருந்து எடுத்துத் தருவான்? உங்கள் கட்டிலிருந்துதான். எங்கே மாற்றினாலும் கடைசியாக எண்ணுவது நீங்களாக இருக்கட்டும். எண்ணிய பிறகு அவன் மறுபடி தொட்டால், பாட்டி ஒரு வடையைத் தொட்ட காக்காயைத் துரத்துகிற மாதிரி கையைத் தட்டிவிட்டு, ஒன்றிலிருந்து திரும்ப எண்ணுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை!

பாலியில் நான் பார்த்த ஒரே யோக்கியமான திருட்டுக் கூட்டம் உலுவாட்டு கோயில் குரங்குகள்தான். மூக்குக்கண்ணாடி, செல்போன் எது கிடைத்தாலும் பிடுங்கிக்கொண்டு ஓடும். தின்பதற்கு ஏதாவது கொடுத்தால் பொருளைத் திருப்பித் தந்துவிடும். கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதை 273 நாள் படம் பிடித்து ஆராய்ந்து, 2021-ல் கட்டுரையே வெளியிட்டார்கள். வயசான குரங்குகள், மனுஷனுக்கு எது ஒசத்தியோ அதைத்தான் குறிவைக்குமாம். செல்போன் என்றால் பழம் ஜாஸ்தி கேட்குமாம். ஒரு பேரம் பதினேழு நிமிஷம் நடந்ததாம்! எங்கள் ஓசூர்க்காரனின் கண்ணாடி ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் மீண்டது. ரசீது தரவில்லை, அவ்வளவுதான் குறை.

டாக்ஸி விஷயம் சின்னது. அங்கே ‘புளூபேர்ட்’ என்று மீட்டர் போடுகிற நல்ல டாக்ஸி உண்டு. அதே நீலத்தில், கிட்டத்தட்ட அதே பறவையோடு போலிகளும் உண்டு. கண்ணாடியில் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். இல்லையென்றால் செல்போன் ஆப்பில் கூப்பிடுங்கள். ஆப்பில் வண்டி நம்பரும் டிரைவர் பெயரும் பதிவாகிவிடுகிறது. அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமைதான்.

விசாவுக்கும், 2024 பிப்ரவரியிலிருந்து பாலி வசூலிக்கிற ஒன்றரை லட்சம் ரூப்பியா சுற்றுலா வரிக்கும் அரசாங்கத்து இணையதளம் மாதிரியே போலிகள் முளைத்திருக்கின்றன. அந்த ஊர் அரசாங்க முகவரி ‘கோ டாட் ஐடி’ என்று முடியும். முடியாவிட்டால் மூடிவிடுங்கள்.

வாடகை ஸ்கூட்டருக்கு வருவோம். நம்ம பையன்களுக்கு இங்கேதான் வாய் ஊறும். கடைக்காரன் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பான். கொடுத்துவிட்டால் திருப்பித் தரும்போது, இல்லாத கீறலுக்கெல்லாம் அவன் சொன்னதுதான் விலை. பணமாக டெபாசிட் கொடுங்கள், பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆயிரம் ரூபாய் கட்டினால் ஒரு வருஷத்துக்கு சர்வதேச லைசென்ஸ் கிடைக்கும். அது இல்லாமல் ஓட்டிப் போலீஸிடம் மாட்டினால் அபராதம். அதைவிடப் பெரிய விஷயம், விழுந்து கால் ஒடிந்தால் இன்ஷூரன்ஸ்காரன் பெரும்பாலும் கையை விரித்துவிடுவான்.

தாய்லாந்தின் ஃபுக்கெட் தீவில் இதே கதை தண்ணீர் ஸ்கூட்டரில் நடக்கும். அரைமணி ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்தால், அடியில் இருக்கிற பழைய கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் பாட் கேட்பார்கள். சுற்றி நாலு தடியர்கள் நிற்பார்கள். 2009-ல் ஒரு பிரிட்டிஷ் டி.வி. நிகழ்ச்சி இந்த மிரட்டலை நேரடியாகப் படம் பிடித்து ஒளிபரப்பி, ஊரே நாறியது. ஏறுவதற்கு முன்னால் வண்டியை அடிப்பாகம் உட்பட, கடைக்காரன் முகமும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். முகம் சுளித்தால் ஏறவே ஏறாதீர்கள். தகராறு என்றால் டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155.

இலங்கையில் நமக்கு ஒரு விசேஷ ஆபத்து. அங்கே ஏமாற்றுகிறவன் தமிழிலேயே பேசுவான்! கொழும்பு காலிமுகத்திடலில் காற்று வாங்கிக்கொண்டிருப்பீர்கள். “அண்ணே, தமிழ்நாடா? இன்னிக்கு மட்டும் கங்காராமய விகாரையில யானை ஊர்வலம்” என்பான். தற்செயலாக ஓர் ஆட்டோ நிற்கும். ஊர்வலம் இருக்காது, ரத்தினக்கல் கடை இருக்கும். ஆட்டோவுக்கு ஐந்து மடங்கு கூலியும் இருக்கும். நிஜமான ஊர்வலம் வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரி பௌர்ணமியை ஒட்டித்தான். வெளியூரில் தமிழ் கேட்டதும் நெஞ்சு உருகும். உருகட்டும்... பர்ஸ் உருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்தமான் நம்ம நாடுதானே என்று அசால்ட்டாக இருக்க வேண்டாம். அங்கே மோசடி நீங்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பே, காரிமங்கலத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நடந்துவிடும். ஹோட்டல் பெயரைத் தேடினால் வருகிற போன் நம்பர் அந்த ஹோட்டலுடையதாக இருக்காது. “சீசன் டைம் ஸார், இன்னும் ஒரே ரூம்தான், பாதி அட்வான்ஸ் போட்டுடுங்க” என்பான். ஒரே ரூம், ஒரே நாள் என்று அவசரப்படுத்தினாலே போனை வைத்துவிட்டு வேறு வழியில் விசாரியுங்கள். பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பணம் கைமாறிவிடுவதற்குள் அந்தக் கணக்கை முடக்க முடிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் காசோடு போகும். ஒன்று மட்டும் உயிரோடு போகும்.

பாலியில் ‘அராக்’ என்று உள்ளூர்ச் சாராயம். நல்லதும் உண்டு. ஆனால் லாபத்துக்காக மெத்தனால் கலந்து விற்று, 2009-ல் அங்கே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களும் அதில் அடக்கம். கலர் கலராக ஜூஸில் கலந்து, ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று நீட்டினால் ருசியில் கண்டுபிடிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறினோம். இரண்டாம் நாள் ராத்திரி கடற்கரையில் ஒருத்தன் லேபிள் இல்லாத பாட்டிலோடு வந்து பாதி விலை என்றான். மாம்பழக்கூழ்க்காரன் காசை எடுத்துவிட்டான். மண்டிக்காரன்தான் அவன் கையைப் பிடித்தான். “ஏன்டா, கள்ளக்குறிச்சியில வித்தவன்கூடப் பாதி வெலைதானே சொல்லியிருப்பான்?” என்றான். அவ்வளவுதான். இளநீர் குடித்துவிட்டுப் படுத்தோம். இளநீருக்கு அவன் பேரம் பேசிய அழகைப் பார்க்க நாலு வெள்ளைக்காரர்கள் கூடிவிட்டார்கள்!

அடுத்த பயணத்துக்கு இப்போது மறுபடி சீட்டு கட்டிக்கொண்டிருக்கிறோம். பொருளாளர் பதவி என்னிடமிருந்து ஏகமனதாகப் பறிக்கப்பட்டுவிட்டது. புதிய பொருளாளர் தேங்காய் மண்டிக்காரன். பத்தாவது ஃபெயில். போன மாசம் என் மூவாயிரத்தை வாங்கி எண்ணினான். சரியாக இருந்தது. நான் வாசல் தாண்டவில்லை, “இருடா” என்று கூப்பிட்டு உட்கார வைத்து, எனக்கு எதிரிலேயே இன்னொரு தடவை எண்ணினான்.